முகம் போடாத டீச்சர்

பாழடைந்த வீட்டுக்குள் நுழைந்தால் நாமெல்லாம் முதலில் கூரையைத்தான் பார்ப்போம், தலையில் விழுந்துவிடுமோ என்று. எங்கள் பி.டி. டீச்சர் சுவரைப் பார்ப்பார். ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே அறையை ஒரு சுற்று வருவார். எங்காவது ஓரிடத்தில் கை நின்றுவிடும். உடனே திரும்பி அந்த இடத்தில் தன் முதுகை வைத்துச் சாய்ந்து பார்ப்பார். கொஞ்சம் குனிவார், கொஞ்சம் நிமிர்வார், ஒரு தோளை இறக்குவார்.

"என்னையவிடக் குட்டை இவுக," என்பார். "வலது கையில ஏதோ தூக்கிக்கிட்டே நின்னுருக்காக. புள்ளையா இருக்கும்."

நான் தேனியிலிருந்து கொடைக்கானல் பெண்கள் பள்ளிக்குக் கணக்கு டீச்சராக மாற்றலாகி வந்தபோது, ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பாதியில் நான், மறு பாதியில் அவர். அப்போதே அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பழனி அடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்த குடும்பம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் ஸ்டாஃப் ரூமில் யாருக்கும் இல்லை. நெட்டையான உருவம், சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற ஸ்வெட்டர், காலில் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். அவர் மைதானத்தில் விசில் ஊதினால் கீழே பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவன்கூட அட்டென்ஷனில் நிற்பான் என்று பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏ டீச்சர், நாளைக்கு என்ன சோலி உங்களுக்கு?"

"துணி துவைக்கணும் டீச்சர்."

"துணி எங்கயும் போயிராது. வெள்ளனே கெளம்புங்க. ஒரு வீட்டுக்குப் போயிட்டு வருவோம்."

"யார் வீட்டுக்கு?"

"யாருன்னு போய்த்தான் பாக்கணும்."

ஏதோ பிள்ளையின் வீடு என்று நினைத்துக்கொண்டு நான் நல்ல சேலையாக ஒன்றைக் கட்டி, ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு போனேன். ஏரிக்குப் பின்பக்கம் ஏறி, யூகலிப்டஸ் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் கூட்டிப் போனார். போய்ச் சேர்ந்த வீட்டுக்குக் கதவு இல்லை, பாதிக் கூரை இல்லை. ஹாலின் நடுவில் தரைப் பலகையைப் பிளந்துகொண்டு மலையெங்கும் மண்டுகிற வாட்டில் மரம் ஒன்று வளர்ந்து வெளியே எட்டிப் பார்த்தது. நான் பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

டீச்சர் சுவரைத் தடவிச் சுற்றி வந்து ஜன்னலருகே நின்றார். என்னைக் கூப்பிட்டு ஜன்னல் கட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தேக்குக் கட்டை. அதில் கிண்ணத்தின் அடிபோல இரண்டு குழிவுகள் வழவழப்பாக இருந்தன.

"முழங்கை," என்றார். "ரெண்டு கையையும் ஊண்டிக்கிட்டு யாரோ இங்கயே கெடந்துருக்காக. ஒரு வருசம் ரெண்டு வருசத்துல விழுற குழி இல்ல இது."

அறையில் குளிர் காய்கிற கணப்பு ஒன்று இருந்தது. அதன் சாம்பலைக் கிளறி ஒரு கரித்துண்டை எடுத்தார். ஜன்னலை ஒட்டிய சுவரில் வரையத் தொடங்கினார். அவர் கை போன வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. தரையைத் தொடுகிற பாவாடை விளிம்பு, இடுப்பு, முன்பக்கமாகச் சாய்ந்த முதுகு, குழிவுகளை நோக்கி இறங்குகிற இரண்டு கைகள். ஆள் உயரம். அரை மணி நேரம் ஆகியிருக்கும். என் கண் முன்னால், யாருமே இல்லாத அந்த வீட்டில் ஒரு பெண் வந்து ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கோ காத்திருக்கிறாளா, வேலை முடிந்து சும்மா நிற்கிறாளா தெரியாது. ஆனால் நெடுநேரமாக நிற்கிறாள் என்பது அந்த முதுகில் இருந்தது. பிஸ்கட் பாக்கெட் சரசரக்காமல் மெதுவாகப் பைக்குள் வைத்தேன். அவளைத் தொந்தரவு செய்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று பிறகு உறைத்தது.

தலையை வரைந்தவர் முகத்தை வரையவில்லை. வெறும் வட்டமாக விட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

"முகம்?"

"அதை வீடு வெச்சுக்கிடலையே டீச்சர். முழங்கையை வெச்சிருக்கு, முதுகை வெச்சிருக்கு. முகத்தை யாரும் செவுத்துல தேய்க்கிறதில்ல. இல்லாததை நான் எப்படிப் போட?"

அவர் எங்கும் போய்ப் படம் வரையக் கற்றுக்கொண்டதில்லை. முப்பது வருடமாகப் பிள்ளைகளின் உடம்பைப் பார்த்ததுதான் படிப்பு. பனிமூட்டத்தில் மைதானத்தின் மறுகோடியில் ஒரு பிள்ளை ஓடினால், முதுகைப் பார்த்தே பெயர் சொல்லுவார். எங்கள் பள்ளியிலேயே பூட்டிக் கிடந்த ஒரு பழைய கட்டடத்தில் ஈட்டி தேடப் போனபோதுதான் அவருக்கு இந்தப் பழக்கம் பிடித்துக்கொண்டதாம். சாப்பாட்டு அறைக்குப் போகிற நடையில், இடுப்புயரத்தில், சுவர் முழுக்க ஒரு பட்டையாக மினுமினுப்பு. வரிசையில் நின்ற பிள்ளைகள் தட்டோடு உரசி உரசி வந்த மினுமினுப்பு. "அன்னைக்கு ஈட்டி எடுக்க மறந்துட்டேன்," என்றார். அந்த நடை நெடுக அவர் வரைந்த பிள்ளைகளின் வரிசையை நானும் பார்த்திருக்கிறேன். ஒருத்தி முன்னே நிற்பவளின் சடையைப் பிடித்து இழுக்கிறாள். தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டு, அரசாங்கச் சுவரைக் கெடுத்ததற்கு விளக்கம் கேட்டார். "வெள்ளையடிச்சிருங்க மேடம், எனக்கு வருத்தமில்ல," என்று இவர் சொல்லிவிட்டார். வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்க ஒதுக்கீடு வரவில்லை. பிள்ளைகள் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் நான் துணி துவைக்கவில்லை. அவரோடு போனேன். வாரிசுகள் வழக்காடிக்கொண்டு கைவிட்ட பங்களாக்கள், மூடிப்போன எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருந்த லயன் வீடுகள், தகரம் பறந்துபோன குதிரை லாயம் ஒன்று. மழை நாளில் அட்டைக்கு உப்பு, எந்த நாளும் காட்டுமாட்டுக்கு விசில். ஒரு தடவை நாங்கள் போன வீட்டின் தாழ்வாரத்தில் ஒரு பெரிய காட்டுமாடு படுத்திருந்தது. டீச்சர் விசிலை வாயில் வைத்தார், ஊதவில்லை. அது எழுந்து, தூணில் தன் விலாவை நிதானமாகத் தேய்த்துவிட்டு, இறங்கிப் போனது. டீச்சர் போய்த் தூணைத் தடவிப் பார்த்தார். "இதுவும் இந்த வீட்டு ஆளுதான் இப்ப," என்று அந்த முதுகையும் வரைந்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கரி அந்தந்த வீட்டு அடுப்பிலிருந்துதான். வெளியிலிருந்து ஒரு பென்சில்கூடக் கொண்டுபோக மாட்டார். எதையும் எடுத்தும் வர மாட்டார். நல்ல பித்தளைக் கதவுப்பிடி ஒன்று தரையில் கிடந்தது. வீணாகக் கிடக்கிறதே, மேஜையில் வைத்துக்கொள்ளலாமே என்றேன். "அங்க கெடக்குற வரைக்கும் அதை ஒரு கை பிடிச்சிருக்கு டீச்சர்," என்றார். "நம்ம மேசையில வெச்சா வெறும் பித்தளை."

எல்லாம் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார் என்று நினைக்க வேண்டாம். ஒரு லயன் வீட்டில் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. படுக்கையில் கிடந்த நோயாளி சுவரோரம் திரும்பித் திரும்பிப் படுத்த தடம் என்று முடிவுகட்டி, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வரைந்தார். மெலிந்த கை, மடங்கிய கால்கள், போர்வையின் மடிப்பு. அந்தப் பக்கம் விறகு பொறுக்க வந்த ஒரு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இது யாரு?"

"இங்க சீக்கா கெடந்தவுகம்மா."

"இங்க யாரு கெடந்தா? எங்க கன்னுக்குட்டியில்ல கட்டிக் கெடந்துச்சு. அந்தா வளையம் கெடக்கு பாரு."

சுவரின் அடியில் பாசிக்குள் இரும்பு வளையம் இருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்தாள். பிறகு கரியை எடுத்து, நோயாளியின் காலடியில் ஒரு கன்றுக்குட்டியை வரைந்தார். "இருக்கட்டும். ரெண்டு பேரும் தொணைக்குத் தொண."

வட்டக்கானலுக்கு இறங்குகிற பாதையிலிருந்து விலகி, பேரி மரங்களுக்கு நடுவே மதுரைக்காரர் ஒருவரின் பழைய பங்களா இருந்தது. அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்குள் ஒத்துப்போகாமல் பூட்டு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அந்த வீட்டுக்கு மட்டும் பல மாதங்கள் போய் வந்தோம். பங்களாவுக்குள் நாற்காலி உரசிய தடம், குழந்தைகள் வழுக்கிய மாடிக் கைப்பிடி என்று நிறைய வரைந்தார். ஆனால் அவரை அலைக்கழித்தது பின்பக்கத்துச் சமையற்கட்டுதான்.

அங்கே விறகடுப்புக்கு எதிர்ச் சுவரில் தலை உயரத்தில் எண்ணெய்த் தடம் ஒன்று. அது சாய்ந்த தலையின் தடம், தெரிந்ததுதான். அதற்கு நேர் கீழே, முழங்காலுக்கும் கொஞ்சம் தாழ, காரை தேய்ந்து ஒரு பள்ளம். மூட்டை சாய்த்திருப்பார்களோ, அம்மி நிறுத்தியிருப்பார்களோ என்று யோசித்தார். கன்றுக்குட்டிக்குப் பிறகு அவசரப்படுவதில்லை. வளையம் இருக்கிறதா என்று தரையெல்லாம் தேடினார். ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிறு நல்ல மழை. வெளியே இறங்க முடியாமல் அந்தச் சுவரில் சாய்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்து நின்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் இடது கால் தானாக மடங்கி, பாதம் பின்சுவரில் போய் ஊன்றியது. அந்தப் பள்ளத்துக்குச் சற்று மேலே.

"டீச்சர்," என்றார், அசையாமல். "என் காலைப் பாருங்க."

நான் பார்த்தேன்.

"சோறு வேகுற வரைக்கும் நின்னுருக்கா," என்றார். "ஒத்தக்கால்ல. எம்புட்டு உலை, எம்புட்டு வருசம்."

அன்று வரைந்த உருவம்தான் அவர் வரைந்ததிலேயே சிறந்தது. குட்டையான பெண். கை பின்னால், இடது கால் மடங்கிச் சுவரில், தலை லேசாக அடுப்புப் பக்கம் சாய்ந்து. வழக்கம்போல முகம் இல்லை. நான் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். படம் எடுக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

அதற்குப் பிறகு கோயம்புத்தூர்ப் பையன்கள் சிலர் அந்த வீட்டுக்குள் போய் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். திகில் இசையோடு, 'முகமில்லாப் பேய்கள் வாழும் பங்களா' என்று. ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள் போலிருக்கிறது. சீசனில் வருகிற கூட்டம் வட்டக்கானல் போகிற வழியில் அங்கேயும் இறங்க ஆரம்பித்தது. நாங்கள் போனபோது ஹால் சுவரெல்லாம் பெயர்கள், இதயங்கள், ஊர்ப்பெயர்கள். மாடிப்படியில் வரைந்திருந்த குழந்தைகளின் மேல் யாரோ சாவியால் 'சதீஷ்' என்று கீறியிருந்தார்கள்.

"உங்களுக்குக் கோபம் வரலையா?" என்றேன்.

அவர் அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தார். "இடது கைக்காரப் பய," என்றார். "நாம பண்ணுறதும் இதுதான டீச்சர். அவன் தன் பேரைப் போட்டுருக்கான், நான் அடுத்தவுகளைப் போடுறேன்." அப்புறம் கரியை எடுத்து, எக்கி நின்று கீறுகிற ஒரு பையனின் முதுகையும் இடது தோளையும் அந்தப் பெயருக்குக் கீழே வரைந்தார்.

அந்த வீடியோ மலைக்கு மேலே இருக்கிற பூண்டிக் கிராமம்வரை போயிருந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் ஒருவர் காத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், கம்பளிக் குல்லா, தோளில் துண்டு, கையில் ஒரு பை மலைப்பூண்டு. பூண்டியில் விவசாயம் என்றார். யார் யாரையோ விசாரித்து வந்திருக்கிறார்.

"எம் மக போன்ல சிரிச்சுக்கிட்டே காட்டுனா டீச்சரம்மா. பேயாம்ல. நான் பாத்துட்டு உக்காந்துட்டேன். அந்தச் சமையக்கட்டுல நிக்கிறது எங்க ஆத்தா."

அந்தப் பங்களாவில் அவருடைய அம்மா சமையல் வேலை பார்த்திருக்கிறார். இவர் ரெண்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அப்பா இவரைத் தூக்கிக்கொண்டு பூண்டிக்கு ஏறிவிட்டார்.

"எங்க ஆத்தா இப்படித்தான் நிக்கும். மடக்குன காலுக்குக் கீழ நான் பூந்து பூந்து போவேன். அடுப்புப் பக்கம் போகாதலேன்னு வையும்."

டீச்சர் பாதிப் பீரியடில் வகுப்பை விட்டுவிட்டு வந்திருந்தார். விசிலைக் கையில் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தார். அவர் வரைந்த ஒருவரைத் தெரிந்த ஒரு மனிதர் வந்து நிற்பது அதுதான் முதல் தடவை.

"ஒரு உதவி," என்றார் பூண்டிக்காரர். "அதுக்கு முகம் வெச்சுத் தரணும். எங்க ஆத்தாவுக்கு ஒரு போட்டோ கெடையாது. திதிக்குக்கூட ஒரு சொம்பை வெச்சு அதுக்குத்தான் சேலை சுத்திக் கும்புடுறோம். மக புதுசா வீடு கட்டியிருக்கா. பால் காச்சுறதுக்கு முன்னாடி அப்பத்தா படத்தை மாட்டணும்ங்கறா. நான் சொல்லச் சொல்ல நீங்க வரைங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"நான் முகம் போடுறதில்லைங்கய்யா."

"எனக்காகப் போடுங்கம்மா."

டீச்சர் சரி என்று சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சில ஞாயிறுகள் பூண்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து பூண்டிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். டீச்சர் டிராயிங் நோட்டை வைத்துக்கொண்டு கேட்பார்: நெற்றி அகலமா, மூக்கு எப்படி, சிரித்தால் கன்னம் குழியுமா. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வரைந்து காட்டினால், "இல்லீங்க, இன்னும் கொஞ்சம் ஒடுக்கமா," என்பார். அடுத்த தாளில், "இப்ப ரொம்ப ஒடுங்கிருச்சு." டீச்சர் கிழித்துப் போட்டுத் திரும்ப வரைவார். முதுகை அவ்வளவு வேகமாக வரைகிற கை, இதில் தட்டுத் தடுமாறியது. அவர் போன பிறகு டீச்சர் இரவுச் சாப்பாடு இறங்காமல் தாள்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அங்கயே போய் உக்காந்தா ஞாபகம் வருதான்னு பாப்போம்," என்று ஒரு ஞாயிறு டீச்சர் அவரைப் பங்களாவுக்கே கூட்டிப் போனார். நானும் போனேன். சமையற்கட்டில், சுவரில் வரைந்திருந்த அம்மாவுக்கு எதிரே ஒரு கல்லில் அவரை உட்கார வைத்துவிட்டு வரைந்தார். இந்த முறை பூண்டிக்காரர் எங்கும் தடுக்கவே இல்லை. ஆமாங்க, ஆமாங்க, அதேதாங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார். முடித்து டீச்சர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறிவிட்டது.

"இது எம் மகளுங்க," என்றார்.

தாளின் ஓரத்தை விரலால் தடவினார்.

"எனக்கு மறந்துபோச்சு டீச்சரம்மா. இம்புட்டு நாளும் ஞாபகம் இருக்குன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன். தெனமும் கண்ண மூடி எங்க ஆத்தாளப் பாக்குறேன்னு நெனச்சு, எம் மகளத்தான் பாத்துக்கிட்டு இருந்துருக்கேன்."

டீச்சர் நோட்டை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கி மூடினார். "என் தப்பு," என்றார். "இதுக்குத்தான் நான் இந்தப் பக்கம் போறதில்ல. வந்திருக்கக் கூடாது." அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. இருந்த ஒன்றையும் அந்த மனிதரிடமிருந்து பிடுங்கிவிட்டோம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

மழை பிடித்துக்கொண்டது. கிளம்பவும் வழியில்லை. பூண்டிக்காரர் எழுந்து, எங்களைப் பார்க்காமல், வாசலையொட்டிய சுவரில் போய்ச் சாய்ந்து வெளியே பார்த்து நின்றார். நான் குனிந்து, தரையில் முளைத்திருந்த புல்லை முறித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது டீச்சர் அவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சத்தமில்லாமல் அடுப்புக்குப் போய்க் கரியைத் தேடி எடுத்தார்.

"ஐயா, அசையாதீங்க."

"என்னங்க?"

"அப்படியே நில்லுங்க. வெரசா முடிச்சிருவேன்."

கண்ணெதிரே நிற்கிற ஒருவரை டீச்சர் வரைந்து நான் பார்த்ததில்லை. அவரைச் சுற்றியே சுவரில் கோடிழுத்தார். குல்லா, தோள், பின்னால் கட்டிய கை, இடுப்பு. கடைசியாகத் தரையில் மண்டியிட்டு, மடங்கிய இடது காலைச் சுற்றி, சுவரில் ஊன்றிய பாதத்தின் ஓரமாகக் கரியைக் கொண்டுபோனார். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாயில் கையை வைத்துக்கொண்டேன்.

"இப்ப விலகி வந்து பாருங்க."

அவர் விலகித் திரும்பினார். வெறும் கோடாகத் தன் உருவத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் அம்மாவைப் பார்த்தார். மறுபடி இந்தப் பக்கம்.

"நான் எப்பவும் இப்படித்தாங்க நிப்பேன்," என்றார், கடைசியில். "எம் பொண்டாட்டி வைவா. செவுத்தை அழுக்காக்குறேன்னு."

"யாரும் சொல்லிக்குடுத்தாகளா?" என்றார் டீச்சர்.

"இல்லீங்களே. யாரு சொல்லிக்குடுக்க?"

அவர் தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். கையை நீட்டி முழங்காலைத் தொட்டார், வேறு யாருடைய காலையோ தொடுவதுபோல. அதற்கப்புறம் அழுதார். நாங்கள் தடுக்கவில்லை. மழை விட்டதும் மூவரும் ஏறி வந்து டீ குடித்தோம். அவர் பஸ் வருகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தார். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆத்தா முறத்தை எப்படிப் பிடிக்கும், நடந்தால் செருப்பு எப்படிச் சத்தம் போடும், தலையை எப்படி ஒரே சுழற்றில் முடியும், எல்லாம் கையாலும் தோளாலும் செய்து காட்டினார்.

பஸ் ஏறுவதற்கு முன் என் போனில் இருந்த படத்தைத் தன் மகளுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். நான் டீச்சரைப் பார்த்தேன். "அந்த வீடுகள்லருந்து எதையும் எடுத்துட்டு வரக் கூடாதும்பீங்களே."

"அனுப்புங்க," என்றார். "அது அவரு வீட்டுது."

மறு வருடம் நான் தேனிக்கே மாற்றலாகிவிட்டேன். டீச்சர் ஓய்வு பெற்று இப்போது பழனியில் தம்பி வீட்டில் இருக்கிறார். ஆயக்குடிப் பக்கம் மூடிப்போன ஒரு ரைஸ்மில்லுக்குப் போய் வருவதாகப் போனில் சொன்னார். "மூட்டை தூக்குன தோளு டீச்சர், செவுரு பூராவும் தோளு," என்றார். வட்டக்கானல் பங்களா இப்போது இல்லை. இடித்துவிட்டு ரிசார்ட் கட்டுகிறார்களாம். அதைச் சொன்னபோது நான்தான் பதறினேன், அவர் பதறவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் பூண்டிக்குப் பால் காய்ச்சுகிற விசேஷத்துக்குப் போனோம். படிக்கட்டு படிக்கட்டாய்ப் பூண்டு வயல்களுக்கு மேலே, பச்சை பெயின்ட் அடித்த வீடு. டீச்சர் உள்ளே நுழைந்ததும் வழக்கம்போல ஷூவைக் கழற்றிவிட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. ஒரு தடம் இல்லை, ஒரு கீறல் இல்லை. சின்னக் குழந்தைக்கு முன்னால் நிற்பதுபோலச் சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொண்டார்.

ஹாலில், வாசலுக்கு நேராக, பெரிதாகச் சட்டம் போட்ட படம். சந்தன மாலை, பொட்டு வைக்க இடமில்லாததால் கண்ணாடியின் மூலையில் குங்குமம். பந்திக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் இலையைப் பிடித்தபடி அதை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்ப்பா, இது யாரு? முகத்தையே காணோம்."

பூண்டிக்காரர் சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தவர் நின்றார்.

"எங்க ஆத்தா," என்றார். "சோறு வேகட்டும்னு நிக்கிது."